வர்ற பைப்பு

வண்டிக்குக் காய்ச்சல் வந்தது மீட்டர் மாட்டிய பிறகுதான். அதுவரை அந்தப் பிக்கப் ஒரு முனகலும் இல்லாமல் மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறும்போது வெளுத்த துணி, இறங்கும்போது அழுக்குத் துணி. ஓட்டுகிறவள்தான் அவ்வப்போது முனகுவாள், அதுவும் இடுப்பு வலிக்கு.

ஊர் முழுக்க அவள் லாண்ட்ரி அக்கா. மலை மேல் இருக்கும் பெரிய லாட்ஜில் எப்போதும் தண்ணீர்ப் பஞ்சம். குளிக்கவே வாளிக் கணக்குப் பார்க்கிற இடத்தில் துவைப்பது எங்கே? படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் கீழே இருந்த அக்காவின் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தன. கூடத்தில் நான்கு இயந்திரங்கள். மூன்று அந்த லாட்ஜுக்காக ஓடின. நான்காவது மிச்ச ஊருக்கெல்லாம். லாட்ஜ் கைவிட்டால் மூன்று இயந்திரங்களும் மூடி திறந்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அக்காவின் கணவன் தேய்ப்பு மேசையில் குனிந்தபடியே இதை மாதம் ஒரு முறையாவது சொல்வான். அவன் பேசுவதே அவ்வளவுதான் என்பதால் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

அக்காவுக்கு இரண்டு தம்பிகள். ஒருவன் கூடப் பிறந்தவன். பக்கத்து ஊரில் கியர் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். இன்னொருவன் கணவனின் தம்பி. முறைக்குக் கொழுந்தன், கூப்பிடுவது தம்பி என்றுதான். அவன் கூடத்துக்கு எதிர்வரிசையில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்தான். இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் நாளில் அக்கா வாசலில் நின்று தம்பி என்றால் இரண்டு பக்கமிருந்தும் என்ன என்று பதில் வரும். ஒரு வேலைக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள், அல்லது அவன் போவான் என்று இவனும் இவன் போவான் என்று அவனும் உட்கார்ந்தே இருப்பார்கள். தாங்க முடியாமல் கணவன்தான் ஒருவனுக்குக் கியர் என்றும் மற்றவனுக்கு மீட்டர் என்றும் பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

கியரும் மீட்டரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தச் சொல்லை அவர்கள் பெரும்பாலும் திட்டுவதற்கே வைத்திருந்தார்கள். எந்த வண்டியில் எந்தக் கோளாறு என்றாலும் அது ஒயரிங் கோளாறு என்பான் கியர். இரும்புக் கோளாறு என்பான் மீட்டர். கூடத்தின் கதவு கிறீச்சிட்டபோதுகூட இப்படித்தான் ஒரு பேச்சு நடந்தது, அந்தக் கதவில் ஒயரே கிடையாது.

மீட்டர் மாட்டும் யோசனை கியருடையது. பிக்கப் ஆட்டோமேட்டிக். அதன் கியர் பெட்டிக்கு எமன் சூடுதான் என்று அவன் அக்காவிடம் பாடம் நடத்தினான். என்ஜின் சூட்டைக் காட்ட முள் வைத்திருக்கிற கம்பெனி, கியர் பெட்டிக்கு ஒரு சின்ன விளக்கோடு நிறுத்திக்கொண்டதாம். அந்த விளக்கு எரியும்போது பெட்டி பாதி செத்திருக்குமாம். மலையேறுகிற வண்டிக்குத் தனியாக ஒரு சூட்டு மீட்டர் இருந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

மாட்டுகிற வேலை மீட்டருக்குப் போயிற்று. எங்கே மாட்டுவது என்பதைக் கியர் போனில் சொன்னான். கியர் பெட்டிக்கும் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இரண்டு பைப்புகள் ஓடுகின்றன. ஒன்று சூடான எண்ணெயை ஆறுவதற்குக் கொண்டுபோகும். மற்றது ஆறிய எண்ணெயைத் திரும்பக் கொண்டுவரும். சூட்டை உணரும் சென்சாரை வர்ற பைப்பில் மாட்டச் சொன்னான் கியர். மீட்டர் வர்ற பைப்பில் மாட்டினான். டாஷ்போர்டு நடுவில் வட்டமாக ஒரு முகம் முளைத்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு, ஒரு வெள்ளை முள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மூன்றாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது.

அக்கா வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய் பானெட்டைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், தெரிந்த மாதிரி கீழே குனிந்தும் பார்த்தாள். ஒன்றும் புகையவில்லை, ஒன்றும் சொட்டவில்லை. திரும்ப ஏறி உட்கார்ந்தபோது முள் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. கொஞ்சம் பொறுத்தாள், பச்சைக்கே வந்துவிட்டது. கிளப்பினாள். அடுத்த வளைவில் மறுபடி சிவப்பு.

அன்று முதல் ஒவ்வொரு வளைவிலும் நின்று வண்டிக்கு மூச்சு வாங்கக் கொடுத்து ஏறுவது வழக்கமாயிற்று. லாட்ஜுக்குப் போய்ச் சேரும்போது அறையைக் காலி செய்தவர்கள் போய், புதிதாக வந்தவர்கள் வரவேற்பறையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். மேனேஜர் முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள், உங்க வண்டிக்கு வளைவுக்கு வளைவு சொந்தக்காரங்க இருக்காங்களா, இறங்கி விசாரிச்சிட்டு வருதா என்று கேட்டார். அதற்கடுத்த நாட்களில் கிண்டல் குறைந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். கிண்டல் பண்ணுகிறவரை மனுஷன் நம் பக்கம்.

கடைசியாக அவர் கிண்டல் கலக்காமலே சொன்னார். வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்குகிறது, எல்லா அறையும் நிரம்பிவிட்டது, காலை பத்துக்குள் விரிப்பு வந்தாக வேண்டும். புது வேன் வைத்திருக்கும் வேறொரு லாண்ட்ரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவை மாற்ற அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் இஷ்டத்தை விரித்து விருந்தாளிகளைப் படுக்க வைக்க முடியாது.

அக்கா கீழே இறங்கி வந்த வேகத்தில் இரண்டு தம்பிகளையும் கூப்பிட்டாள்.

மீட்டர் தன் மீட்டர்மேல் விழுந்த பழியைத் துடைக்க ஏற்கெனவே கிளம்பியிருந்தான். ஒரே மாதிரி இரண்டு சென்சார் வாங்கி வைத்திருந்தான். மிச்சம் இருந்ததை அண்ணியின் அடுப்பில் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டான், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டான், ஒயரை ஜன்னல் வழியாக வண்டிக்கு இழுத்து முள்ளைப் பார்த்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தபோது முள்ளும் வெதுவெதுப்பு என்றது. கொதித்தபோது கொதிக்கிறது என்றது. காலையில் வண்டி ஆறிக் கிடந்தபோது வண்டியிலிருந்த சென்சாரும் சரியாகவே காட்டியது. மீட்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். சட்டை முழுக்க ஆவி. அக்கா கேட்டதெல்லாம் அந்தப் பாத்திரத்தில் இனி என்ன சமைப்பது என்பதுதான்.

வியாழக்கிழமை மதியம் கியர் வந்தான். ஜாக்கி, கட்டைகள், ஒரு சாக்கு, ஸ்பேனர்கள் நிறைந்த சாவிப்பெட்டி எல்லாவற்றோடும் வந்தான். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவன் பார்க்க வரவில்லை, பிரிக்க வந்திருக்கிறான். கியரின் மருத்துவத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, இறக்கிப் பார்த்துவிடலாம் என்பது. இறக்கினால் பெட்டி திரும்ப ஏறப் பத்து நாளாவது ஆகும், சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும். சீசன் நேரத்தில் வாடகைக்கு ஒரு கைவண்டிகூடக் கிடைக்காது. பெட்டியை இறக்கினால் லாட்ஜ் போயிற்று. இறக்காமல் ஓட்டிப் பாதி மலையில் வண்டி படுத்துவிட்டால் அப்போதும் லாட்ஜ் போயிற்று, கூடவே வண்டியும்.

“முதல்ல பாரு. அப்புறம் இறக்கு.” அக்கா அவ்வளவுதான் சொன்னாள்.

கியர் எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவினான். எண்ணெயை மோந்து பார்த்தான். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தான். பக்கத்துக் கூடையிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அதில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தான். நல்ல சிவப்பு. கருகல் இல்லை, கசடு இல்லை.

“எண்ணெய் தங்கமா இருக்கு” என்றான்.

“அது லாட்ஜ் தலையணை உறைடா” என்றாள் அக்கா.

அடுத்து அவன் ஒரு சூட்டுத் துப்பாக்கியை எடுத்தான். விசையை அழுத்தினால் தொடாமலே சூட்டைச் சொல்லும் கருவி. அக்காவை ஏற்றப் பாதை வரை ஓட்டச் சொல்லிக் கூடப் போனான். முள் சிவப்பைத் தொட்டதும் இறங்கி ஓடி, கியர் பெட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைச் சுட்டான். தொட்டியில் அப்படி ஒன்றும் சூடு இல்லை. நல்ல வெயிலில் நிறுத்திய வண்டியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். திரும்பி வந்து இதைச் சொன்னதும் மீட்டர் சிரித்தான். பளபளக்கிற உலோகத்தில் அந்தத் துப்பாக்கி பொய் சொல்லும், கறுப்பு டேப் ஒட்டிவிட்டுச் சுட வேண்டும், இதுகூடத் தெரியாமல் துப்பாக்கி தூக்கலாமா என்றான். சொன்னது உண்மை என்பதால் கியருக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. டேப் ஒட்டினார்கள். மறுபடி ஏற்றத்துக்குப் போனார்கள். மறுபடி சுட்டார்கள். முன்பைவிடக் கொஞ்சம் ஏறிக் காட்டியது, ஆனாலும் பயப்படுகிற மாதிரி இல்லை.

முள் கொதிக்கிறது என்கிறது. தொட்டி இல்லை என்கிறது. மீட்டரும் பொய் சொல்லவில்லை, துப்பாக்கியும் பொய் சொல்லவில்லை. கியர் தலையைச் சொறிந்துகொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். ஆறித் திரும்பி வருகிற எண்ணெயே இப்படிக் கொதித்தால் அது போய் விழுகிற தொட்டி எப்படிக் குளுகுளுவென்று இருக்கும்? அவன் வாழ்நாளில் இப்படி ஒரு பெட்டியைப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதால் பிரித்துப் பார்க்கும் ஆசையும் கூடிக்கொண்டே போயிற்று. உள்ளே ஏதோ இருக்கிறது, இறக்கினால்தான் தெரியும் என்று முடிவு சொல்லிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். ஜாக்கி ஏறியது.

மீட்டர் முன்பக்கம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ரேடியேட்டர் முன் இடுப்பில் கை வைத்து நின்றான். தன் மீட்டர் குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டதில் அவனுக்கு ஒரு நிம்மதி. லாட்ஜ் போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும், முகம் லேசாகத் தொங்க ஆரம்பித்தது.

அக்கா இடுப்பில் விரிப்பு மூட்டையோடு வண்டியின் பக்கவாட்டில் நின்றாள். உள்ளே மூன்று இயந்திரங்களும் சுழன்றுகொண்டிருந்தன. நாளைக்கான துணி தயாராகிக்கொண்டிருந்தது, அதைச் சுமக்கப் போகிற வண்டிதான் கட்டைமேல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாக மேனேஜரிடம் பேசிப் பார்க்கலாமா, என்னவென்று பேசுவது, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த வேன்காரனைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றா? அப்படி ஒரு நாள் வருகிறவன் மறுநாள் போக மாட்டான் என்பது யாருக்குத் தெரியாது.

அடியிலிருந்து கியரின் குரல் வந்தது. “மச்சான், கடைசியா ஒரு தடவ கேக்கறேன். வர்ற பைப்புலதான மாட்டின?”

“எத்தன தடவ கேப்ப? வர்ற பைப்புலதான்.”

அன்று மதியத்திலிருந்து இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் இருவருக்கும் ஒரே பதில். மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதனால்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா பார்த்தது அவர்களுடைய கைகளை. வர்ற பைப்பு என்று சொல்லும்போது கியரின் ஒரு கை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே நீண்டு, முன்பக்கமிருந்து பின்பக்கமாக, தன்னை நோக்கி வா வா என்று இழுத்தது. வர்ற பைப்பு என்று மீட்டர் சொன்னபோது அவன் கையும் தன்னை நோக்கித்தான் இழுத்தது. ஆனால் அவன் நின்றது முன்பக்கம். அந்தக் கை பின்பக்கமிருந்து முன்பக்கமாக வந்தது.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள்.

“கியரு, வர்ற பைப்புன்னா எங்க வர்றது?”

“இதென்னக்கா கேள்வி. இங்கதான். பெட்டிக்கு.”

“மீட்டரு, நீ சொல்லு. எங்க வர்றது?”

“இங்கதான் அண்ணி. ரேடியேட்டருக்கு.”

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே ஒரு இயந்திரம் மட்டும் துணியைப் பிழிந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு இது புதிதில்லை. அவள் பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் இந்த வாசலில் அண்ணி போறாங்க என்பான் மீட்டர். அதே நேரம் அந்த வாசலில் அக்கா வர்றா என்று சொல்லிக்கொண்டிருப்பான் கியர். போகிற வண்டி ஒன்று, ஆள் ஒருத்தி, ஒருவனுக்குப் போகிறவள், மற்றவனுக்கு வருகிறவள். இங்கே அவள் வாழ வந்தவள், அங்கே வாழப் போனவள். இத்தனை வருடமாக அவளையே இரண்டு பக்கமும் இழுத்துப் பேசிய வாய்கள், ஒரு பைப்பை மட்டும் சரியாகப் பேசிவிடுமா? கியர் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவன் அவன், அவனுக்கு எண்ணெய் பெட்டிக்குத்தான் வரும். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று ஒயர் இழுத்தவன் இவன், இவனுக்கு ரேடியேட்டருக்குத்தான் வரும்.

கியர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் மண். முன்பக்கம் போய், சென்சாரை மறைத்திருந்த தகட்டைக் கழற்றினான். ஜாக்கியை இறக்கி, என்ஜினைப் போட்டு, அக்காவைத் தெருக்கோடி ஏற்றம் வரை இரண்டு முறை போய் வரச் சொன்னான். வண்டி நின்றதும் சென்சார் இருந்த பைப்பில் கை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டான். அடுத்த பைப்பை இரண்டு விரலால் தொட்டான், பிறகு உள்ளங்கையால் பிடித்தான், பிடித்தபடியே நின்றான்.

விஷயம் அவ்வளவுதான். ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் கன்வர்ட்டர் எண்ணெயைக் கடைந்து கொதிக்க வைக்கும். கொதித்த எண்ணெய் நேராக அந்த முதல் பைப்புக்குள்தான் பாயும். அங்கே சென்சார் வைத்தால் முள் சிவப்புக்குத்தான் போகும், போகாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ரேடியேட்டரில் ஆறித் தொட்டிக்குத் திரும்பும்போது எண்ணெய் சமர்த்தாகிவிடும். வளைவில் நிறுத்தியதும் முள் கடகடவென்று இறங்கியதற்கும் அதுதான் காரணம். பெட்டி முழுக்கக் கொதித்திருந்தால் அத்தனை எண்ணெயும் அவ்வளவு சீக்கிரம் ஆறாது, அப்போதே யோசித்திருக்க வேண்டும் என்று கியர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தனக்குத்தானே சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது.

தேய்ப்பு மேசை ஜன்னலிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். “சூடா காபியக் குடிச்சிட்டு வாயில தெர்மாமீட்டர் வெச்சா எனக்கும்தான் காய்ச்சல்” என்றான். மறுபடி குனிந்துகொண்டான். அவனுடைய அந்த மாதப் பேச்சு அதோடு தீர்ந்தது.

சென்சாரைக் கழற்றி அடுத்த பைப்பில் மாட்டப் பெரிய நேரம் ஆகாது. ஆனால் யார் மாற்றுவது? மாட்டினவன்தான் கழற்ற வேண்டும் என்றான் கியர். சொன்னவன்தான் மாற்ற வேண்டும் என்றான் மீட்டர். கழற்றினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருவருக்கும் பயம். தமிழ் தெரியாதவனுக்குப் போனில் வேலை சொன்னது என் தப்பு என்று கியர் சொன்னான். தன் வீட்டு வாசலைத் தவிர வேறு வாசலே தெரியாதவனிடம் கேட்டது என் தப்பு என்று மீட்டர் சொன்னான். இருட்டும் வரை பேசினார்கள். சென்சார் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில், இவ்வளவு தூரம் வந்தாச்சு, எதுக்கும் ஒரு தடவை பெட்டியை இறக்கிப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி என்று கியர் இழுத்தான். அக்கா, நீ முதல்ல போய்க் கைகால் கழுவு என்று சொல்லிவிட்டு, அவனுடைய சாவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சலவைத்தூள் அறையில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை இருட்டு விலகும் முன்பே மூட்டைகளை ஏற்றியதும் இரண்டு பேரும் கூடவே ஏறிக்கொண்டார்கள். முன்சீட்டில் மூன்று பேர். நடுவில் மீட்டர், ஓரத்தில் மடியில் துப்பாக்கியோடு கியர். இருவரும் முந்தின நாள் சாயங்காலம் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னவர்கள். மலை ஆரம்பித்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இரண்டாவது வளைவில் முள் மஞ்சள். மூன்றாவதில் சிவப்பு.

அக்காவுக்குத் தெரியும். மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அது பழக்கதோஷத்தில் தானாகவே பிரேக் பக்கம் போயிற்று. ஸ்டியரிங்கில் உள்ளங்கை வழுக்கியது. பைப்புதான் சூடு, சரி. ஆனால் பைப்பும் சூடு, பெட்டியும் சூடு என்று இருக்கக் கூடாதா? நேற்றுச் சுட்டது வெறும் வண்டியை, இன்று முதுகில் லாட்ஜ் முழுக்கப் படுக்கிற துணி. இங்கே படுத்துவிட்டால் இழுத்துப்போகவும் ஆள் கிடைக்காது. வளைவுக்கு வளைவு நின்று ஆற்றிவிட்டுப் போனால் வண்டி பிழைக்கும், பத்து மணி பிழைக்காது.

“அண்ணி, சும்மா ஒரு நிமிஷம் நிறுத்திப் பாப்பமா?” என்றான் மீட்டர்.

“ஆமாக்கா. நான் இறங்கி ஒரு தடவ சுட்டுட்டு வந்துடறேன்” என்றான் கியர்.

நேற்றிலிருந்து இருவரும் மனப்பூர்வமாக ஒத்துப்போனது இதில்தான். இவர்கள் ஒத்துப்போனால் என்ன ஆகும் என்பதை அக்கா முந்தின நாள் பார்த்திருந்தாள்.

“கம்பெனிக்காரன் வெச்ச லைட்டு எரியுதாடா?”

கியர் குனிந்து பார்த்தான். “இல்ல.”

“கருகல் வாசன வருதா?”

“இல்லக்கா.”

“அப்ப ரெண்டு பேரும் ரோட்டப் பாருங்க.”

காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தாள். வண்டி வளைவைத் தாண்டியது. நான்காவது வளைவிலும் நிற்கவில்லை, அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை. முள் சிவப்பின் ஆரம்பத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து மேலே போகாமல், கீழேயும் வராமல் அப்படியே இருந்தது. மீட்டர் கண்ணை மூடிக்கொண்டான். கியர் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டி வழியெல்லாம் மோந்துகொண்டே வந்தான். எதிரே வந்த பஸ் டிரைவர் அவனுக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

லாட்ஜ் முற்றத்தில் வண்டி நின்றதும் கியர் முதல் ஆளாகக் குதித்து அடியில் நுழைந்தான். கறுப்பு டேப்பைச் சுட்டான். இடம் மாற்றி இன்னொரு தடவை சுட்டான். கடைசியில் துப்பாக்கியை நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே வந்து, “பெட்டிக்கு ஒண்ணுமில்ல” என்றான், யாரையும் பார்க்காமல்.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் முற்றத்தில் ஆளரவமே இல்லை என்பதைக் கவனித்தாள். வரவேற்பறையில் விளக்கு இல்லை. மேனேஜர் வாயில் பிரஷ்ஷோடு, தோளில் துண்டோடு பின்கட்டிலிருந்து வந்தார். வண்டியைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போய் வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்ப வந்து கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“என்னம்மா இது. வந்தா மத்தியானம், இல்லன்னா விடியக்காலமா?”

“விரிப்பு கொண்டாந்திருக்கோம் சார்.”

“கொண்டாந்தீங்க சரி. பழைய விரிப்பு மேல ஆளுங்க படுத்திருக்காங்களே. உருட்டி விட்டுட்டா எடுக்கறது?”

அக்கா சிரிக்கவில்லை. சிரித்தால் அழுகையும் சேர்ந்து வந்துவிடும் போலிருந்தது, அது அவளுக்குப் பிடிக்காத விஷயம். மூட்டைகளை இறக்கச் சொல்லித் தம்பிகளை அதட்டினாள். தம்பி என்று மொட்டையாகக் கூப்பிட்டதால் இருவருமே வந்தார்கள்.

மேனேஜர் மூட்டையொன்றைப் பிரித்து, ஒரு விரிப்பை முகர்ந்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். பேசியது அரைகுறையாகக் காதில் விழுந்தது. எதுக்கும் இருக்கட்டும்னுதான் சொல்லி வெச்சேன், இல்லப்பா, வேன எடுக்காதீங்க, எல்லாம் வந்திடுச்சு. பேசி முடித்துவிட்டு, அக்கா கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்கிற முகத்தோடு திரும்பி வந்தார். அக்காவும் கேட்காத முகத்தோடு நின்றாள்.

“சீக்கிரம் வந்ததுதான் வந்தீங்க. சாப்பாட்டு ஹால் திரைச்சீலை எல்லாம் ரொம்ப நாளா அப்படியே கிடக்கு. அதையும் கழட்டித் தரச் சொல்றேன், எடுத்துட்டுப் போயிடுங்க.”

திரைச்சீலைகள் கனமான துணி. பின்னால் முந்தின நாள் அழுக்கு விரிப்புகள் போக இடமில்லாமல் கடைசி மூட்டையை முன்சீட்டில்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அதைத் தம்பிகள் இருவரும் மடியில் வாங்கிக்கொண்டார்கள். கழுத்து வரை திரைச்சீலை, அதற்கு மேல் இரண்டு தலைகள். பல வருடத்துத் தூசியில் இரண்டு தலைகளும் மாறி மாறித் தும்மின. மூட்டை சரிந்து டாஷ்போர்டின் நடுவில் அந்த வட்ட முகத்தை முழுக்க மூடியது.

மீட்டர் அதை ஒதுக்கப் பார்த்தான்.

“விடு தம்பி” என்றாள் அக்கா. வண்டியைக் கிளப்பினாள்.